எய்ஜி சுபுராயா: காட்ஜில்லாவை நடக்கவைத்த ஒளிப்பதிவாளர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானிய ராட்சத மிருகப் படங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் காட்ஜில்லாவின் பெயர் வரும், சில சமயம் இயக்குநரின் பெயரும் வரும். அந்த மிருகத்தை டோக்கியோவின் தெருக்களில் நடக்கவிட்ட எய்ஜி சுபுராயாவின் பெயர் அபூர்வமாகத்தான் வரும். அவரைப் பற்றி நண்பர்களும் சினிமா படிக்கும் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே ஒன்றாக வைத்திருக்கிறேன். எனக்கு நெருக்கமான இடங்களில் பதில் நீளமாகவே இருக்கும்.

சுருக்கமாகச் சொன்னால், சுபுராயா யார்?

ஜப்பானின் ஃபுகுஷிமா மாகாணத்தில் சுகாகவா என்ற ஊரில் 1901 ஜூலையில் பிறந்தவர். ஒளிப்பதிவாளராகத் தொடங்கி, டோஹோ ஸ்டூடியோவின் ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் பிரிவைக் கட்டி வளர்த்தவர். 1954-இல் வந்த முதல் காட்ஜில்லா படத்தின் எஃபெக்ட்ஸ் அவருடையது. 1963-இல் சொந்தக் கம்பெனி தொடங்கினார். 1966-இல் அங்கிருந்துதான் அல்ட்ராமேன் என்ற தொலைக்காட்சி நாயகன் வந்தான். 1970 ஜனவரி 25 அன்று, 68 வயதில் காலமானார். மினியேச்சர் என்கிற சின்ன மாதிரிகள், மிருக உடைக்குள் நடிகர், ஃபிலிம்களை ஒன்றாகச் சேர்க்கும் ஆப்டிகல் வேலை எல்லாம் சேர்ந்த இந்தக் கலைக்கு ஜப்பானில் ‘டோக்குசாட்சு’ என்று பெயர். அதற்கு ஒரு தனி இலக்கணம் அமைந்தது என்றால் அது பெரும்பாலும் இவர் கையால்தான்.

சினிமாவுக்கு வர வேண்டும் என்று சின்ன வயதிலேயே நினைத்தாரா?

இல்லை. விமானம் ஓட்ட நினைத்தார்.

வீட்டுத் தொழில், அரிசியில் பூஞ்சை ஏற்றித் தயாரிக்கும் ‘கோஜி’ வியாபாரம். மூன்று வயதில் தாய் இறந்துவிட்டார். தந்தையும் வீட்டைவிட்டுப் போனார். பாட்டியும், அவரைவிட ஐந்து வயது மட்டுமே மூத்த மாமாவும்தான் வளர்த்தார்கள். 1910-இல் ஜப்பானில் முதன்முதலாக விமானம் பறந்த செய்தி அந்தப் பையனைப் பிடித்துக்கொண்டது. கையில் கிடைத்ததை வைத்து மாதிரி விமானங்கள் செய்ய ஆரம்பித்தான். 1916-இல் ஹனேடாவில் இருந்த விமானப் பள்ளியில் சேர்ந்தும்விட்டார். மறு ஆண்டே அங்கே கற்றுக்கொடுத்தவர் விபத்தில் இறந்தார். பள்ளி நின்றுபோனது, பறக்கும் கனவும் அதோடு போனது.

பிறகு டோக்கியோவில் மின்னியல் படித்தார், படிக்கும்போதே ஒரு பொம்மைக் கம்பெனிக்குப் புதுப் புது விளையாட்டுச் சாமான்கள் வடிவமைத்துக் கொடுத்தார். 1919-இல் அந்தக் கம்பெனி ஆட்களோடு செர்ரிப் பூ பார்க்க அசுகயாமாவுக்குப் போன இடத்தில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த சினிமாக்காரர்களோடு கைகலப்பு. விலக்கிவிடப் போனவர் சுபுராயா. எதிர்க் கூட்டத்தில் இருந்த யோஷிரோ எடாமாசா என்ற இயக்குநருக்கு இந்த இளைஞனைப் பிடித்துப்போனது. சினிமாவுக்கு வருகிறாயா என்று கேட்டார். இப்படித்தான் வந்து சேர்ந்தார்.

பறப்பதில் இருந்த அந்தப் பித்து மட்டும் கடைசிவரை விடவில்லை. அவர் படங்களில் விமானம் திரும்பும்போது இறக்கை எப்படிச் சாய்கிறது என்று பாருங்கள். கம்பியில் தொங்கும் பொம்மை என்று தெரிந்தும் வயிற்றில் ஒரு குலுக்கல் வரும்.

ஒளிப்பதிவாளராக அவர் வேலை எப்படி?

சோதனை செய்து பார்க்காமல் இருக்க முடியாதவர். 1926-இல் டெய்னோசுகே கினுகாசா எடுத்த ‘ஒரு பைத்தியப் பக்கம்’ என்ற மௌனப் படத்தில் உதவி ஒளிப்பதிவாளர். இன்றும் உலகெங்கும் திரையிடப்படும் படம் அது. செட்டில் புகை போட்டு ஆழம் காட்டுவது அவருக்குப் பிடித்த உத்தி. அதனாலேயே ‘புகை சுபுராயா’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். கேமராவை உயரத்தில் ஏற்றி இறக்கக் கிரேனைத் தானே செய்துகொண்டார். அப்படி ஒரு உயரத்திலிருந்து விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பார்க்க வந்த மசானோ என்ற பெண்ணையே 1930-இல் திருமணம் செய்துகொண்டார்.

கம்பெனி முதலாளிகளுக்கு அவர் அவ்வளவு சுலபமான ஆள் அல்ல. நட்சத்திரத்தின் முகம் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. இவரோ முகத்தில் நிழல் விழுந்தால்தான் முகம் என்பார்.

கிங் காங் பார்த்துத்தான் எல்லாம் தொடங்கியதா?

பெரிய அளவில், ஆமாம். 1933-இல் அமெரிக்காவிலிருந்து வந்த அந்தப் படத்தைப் பார்த்து அசந்துபோனார். பிரமித்துவிட்டுப் போய்விடவில்லை. ஒரு பிரிண்டை வாங்கி, ஃபிரேம் ஃபிரேமாக நிறுத்தி, எந்த இடத்தில் எது ஒட்டப்பட்டிருக்கிறது, எங்கே பின்னால் திரை ஓடுகிறது என்று பிரித்துப் பார்த்தார். சொல்லிக்கொடுக்க ஜப்பானில் யாரும் இல்லாத காலம். படமே அவருக்கு வாத்தியார்.

அடுத்த சில ஆண்டுகளிலேயே பலன் தெரிந்தது. ஜெர்மன் இயக்குநர் ஆர்னால்ட் ஃபாங்க் ஜப்பானுக்கு வந்து எடுத்து 1937-இல் வெளியான கூட்டுத் தயாரிப்பில், நடிகர்களுக்குப் பின்னால் திரையில் காட்சியை ஓட்டிப் படம்பிடிக்கும் பேக் ப்ரொஜெக்ஷன் ஏற்பாட்டைச் செய்துகொடுத்தவர் சுபுராயாதான். அதே 1937-இல் டோஹோ அவரைக் கியோட்டோவிலிருந்து டோக்கியோவுக்கு அழைத்து, ஸ்பெஷல் எஃபெக்ட்ஸுக்கென்று ஒரு பிரிவைத் தொடங்கிக் கையில் கொடுத்தது. ஆரம்பத்தில் அந்தப் பிரிவில் ஆளே கிடையாது என்கிற நிலைதான்.

போர்க் காலத்தில் பிரசாரப் படங்களுக்கு வேலை செய்தாரா?

செய்தார். இதை மழுப்புவதில் அர்த்தமில்லை. அவரைப் புரிந்துகொள்ள இந்தப் பகுதி கட்டாயம் வேண்டும்.

1942 டிசம்பரில், பேர்ல் ஹார்பர் தாக்குதலின் முதலாண்டு நினைவையொட்டி, கஜிரோ யமமோட்டோ இயக்கத்தில் ‘ஹவாய்–மலாயா கடற்போர்’ வெளியானது. கடற்படைக்காக எடுக்கப்பட்ட படம். ஆனால் அதே கடற்படை ராணுவ ரகசியம் என்று சொல்லிக் கப்பல் விவரங்களைக் கொடுக்க மறுத்தது. பத்திரிகையில் வந்த புகைப்படங்களைப் பார்த்து, நீர்த்தூணின் உயரத்தை வைத்துக் கப்பலின் அளவைக் கணக்குப் போட்டு, சுபுராயாவின் ஆட்கள் டோஹோ வளாகத்தில் முழுத் துறைமுகத்தையே மினியேச்சராகக் கட்டினார்கள். படம் பிரமாதமாக ஓடியது. அந்தக் காட்சிகளைப் பின்னாளில் நிஜத் தாக்குதலின் ஃபிலிம் என்று அமெரிக்க ஆக்கிரமிப்பு அதிகாரிகள் நம்பிவிட்டதாக ஒரு கதை சொல்வார்கள்.

அந்தப் படத்தில் தாக்குதலைப் பெரும்பாலும் தாக்குகிறவன் கண்ணால் பார்க்கிறோம். மலைகளுக்கு நடுவே விமானங்கள் புகுந்து வருகின்றன, துறைமுகம் விரிகிறது, தண்ணீர் எழும்புகிறது. கீழே சாகிறவன் முகம் தெரியாது. எவ்வளவு நேர்த்தியாக எடுக்கப்பட்டிருந்தாலும், எத்தனையோ இளைஞர்களைப் போர்விமானத்தின் பக்கம் இழுத்த படங்களில் அதுவும் ஒன்று.

போருக்குப் பின், 1948-இல், அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகத்தின் களையெடுப்பில் டோஹோவிலிருந்து வெளியேற வேண்டி வந்தது. சோஷிகயாவில் தன் வீட்டு வளவிலேயே ஒரு சிறு எஃபெக்ட்ஸ் கூடம் வைத்துக்கொண்டு, பெயர் வராமலும் வந்தும் மற்ற கம்பெனிகளுக்கு வேலை செய்தார். 1949-இல் டாயே கம்பெனிக்காக ஒரு மாயமனிதன் படம் செய்தது அப்போதுதான். 1950-களின் தொடக்கத்தில் டோஹோவுக்குத் திரும்பினார். 1953-இல் இஷிரோ ஹோண்டா இயக்கிய ‘பசிபிக்கின் கழுகு’ என்ற போர்ப் படத்தில் இருவரும் சேர்ந்தார்கள். அடுத்த ஆண்டு காட்ஜில்லா.

காட்ஜில்லாவை உருவாக்கியது அவர்தானா?

அவர் மட்டும் அல்ல. யோசனையைக் கிளப்பியவர் தயாரிப்பாளர் டோமோயுகி தனாகா. கதை ஷிகெரு கயாமா. திரைக்கதையில் டகேயோ முராட்டாவும் ஹோண்டாவும், இயக்கம் ஹோண்டா. இசை அகிரா இஃபுகுபே. மிருகத்தைக் களிமண்ணில் வடித்தவர் டெய்ஸோ தோஷிமிட்சு, எஃபெக்ட்ஸ் பிரிவின் கலை இயக்குநர் அகிரா வாடனாபே. சுபுராயாவிடம் ஏற்கெனவே ஒரு கதை இருந்தது: இந்தியப் பெருங்கடலில் கப்பல்களைத் தாக்கும் ராட்சத ஆக்டோபஸ். அது ஓரங்கட்டப்பட்டு டைனோசர் ஜாதி மிருகம் வந்தது.

காரணம் அந்த ஆண்டிலேயே இருந்தது. 1954 மார்ச் 1 அன்று பிகினி தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல், ‘அதிர்ஷ்ட டிராகன் 5’ என்ற ஜப்பானிய மீன்பிடிப் படகில் இருந்த 23 பேர்மீதும் விழுந்தது. படகின் வானொலிக் கருவியை இயக்கிய ஐகிச்சி குபோயாமா செப்டம்பரில் இறந்தார். நவம்பர் 3 அன்று படம் வெளியானபோது, முதல் காட்சியில் ஒரு கப்பல் திடீர் ஒளியில் எரிவதைப் பார்த்த எவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. சுமார் 96 லட்சம் பேர் அந்தப் படத்தைப் பார்த்தார்கள்.

கிங் காங் போல ஸ்டாப் மோஷனில் எடுக்காமல் ஏன் ஆளுக்கு உடை மாட்டினார்?

நேரம். பொம்மையை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி ஒவ்வொரு ஃபிரேமாக எடுப்பதுதான் அவருக்குப் பிடித்த முறை. அப்படி எடுத்தால் ஏழு வருஷம் ஆகும் என்று அவர் கணக்குச் சொன்னதாகச் சொல்வார்கள். கையில் இருந்ததோ சில மாதங்கள். உடைக்குள் ஆளை இறக்கி, ஆளின் உயரத்துக்கு ஏற்ற நகரத்தைக் கட்டுவது என்று முடிவானது.

இதை ஒரு குறையாகவே பேசிப் பழகிவிட்டோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஸ்டாப் மோஷன் மிருகம் கட்டடத்தை இடித்தால் கட்டடமும் ஒவ்வொரு துண்டாகக் கையால் நகர்த்தப்பட வேண்டும். உடைக்குள் மனிதன் இருந்தால் இடிப்பது நிஜமான இடிப்பு, தூசி நிஜமான தூசி. ஒரே டேக், சரியாக விழாவிட்டால் மறுபடி கட்ட வேண்டும். அந்தப் பதற்றம் திரையில் தெரிகிறது.

பொம்மை நகரம் எப்படி நிஜ நகரமாகத் தெரிந்தது?

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதினேன் என்றுகூடச் சொல்லலாம்.

முதலில் அளவு. காட்ஜில்லாவின் உயரம் 50 மீட்டர் என்று வைத்தார்கள். உடைக்குள் நிற்கும் ஆள் தலையோடு சேர்த்து இரண்டு மீட்டர். ஆக, நகரம் 25-இல் ஒரு பங்கு.

அடுத்தது வேகம். 50 மீட்டர் உச்சியிலிருந்து விழும் கல் தரையைத் தொட மூன்று விநாடிக்குச் சற்று மேல் ஆகும். அந்தக் கட்டடத்தையே இரண்டு மீட்டராகச் சுருக்கினால், உச்சியிலிருந்து உதிரும் துண்டு முக்கால் விநாடிகூட எடுக்காது. கட்டடத்தைச் சுருக்கலாம், புவியீர்ப்பைச் சுருக்க முடியாது. அதனால்தான் சாதாரண வேகத்தில் எடுத்த மினியேச்சர் உடனே பொம்மை என்று தெரிந்துவிடுகிறது: எல்லாம் வெடுக்கென்று விழும். இதற்கு மருந்து, கேமராவை வேகமாக ஓட்டுவது. 25-இன் வர்க்கமூலம் 5. கணக்குப்படி விநாடிக்கு 24-க்குப் பதில் 120 ஃபிரேம். நடைமுறையில் ஷாட்டைப் பொறுத்து வேகத்தைக் கூட்டிக் குறைப்பார். அந்தக் கணிப்புதான் அவர் கைத்திறன். திரையில் ஓட்டும்போது வாலின் ஒவ்வொரு வீச்சுக்கும் எடை வந்துவிடும்.

மூன்றாவது வெளிச்சம். கேமரா வேகமாக ஓடினால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கிடைக்கும் ஒளி குறையும். அதோடு லென்ஸின் துவாரத்தையும் சுருக்கியாக வேண்டும். நிஜ நகரத்தைத் தூரத்திலிருந்து பார்த்தால் முன்வரிசைக் கட்டடமும் பின்வரிசைக் கட்டடமும் ஒருசேரத் தெளிவாகத் தெரியும், மினியேச்சரில் பின்வரிசை மங்கினால் குட்டு வெளிப்படும். இரண்டுக்கும் சேர்த்து விளக்குகளைக் குவித்தார்கள். ஸ்டூடியோ உலைபோல் கொதித்தது.

அந்தக் கொதிப்பையும் ஒரு காட்சிக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். காட்ஜில்லா மூச்சை ஊதும்போது உயரழுத்த மின்கோபுரங்கள் தலைகுனிந்து வளைந்து உருகும் இடம் நினைவிருக்கிறதா? கோபுரங்களை மெழுகில் செய்து வெப்பம் காட்டினார்கள். இரும்பு வெடிக்காமல் துவள்கிறது. படம் முழுக்க எத்தனையோ இடிந்தாலும் மனதில் தங்குவது அந்தத் துவளல்தான். கட்டடங்களும் அப்படியே: சுலபமாக நொறுங்கும்படி சாந்து கலந்து, உள்ளே முன்கூட்டியே வெட்டு விட்டு, எங்கே உடைய வேண்டும் என்பதை முடிவு செய்த பிறகே கேமரா ஓடும்.

தண்ணீர்தான் கடைசிவரை படுத்தியது. துளியைச் சிறிதாக்க முடியாது; சின்னத் தொட்டியில் எழும் அலை, அலையாகவே தெரியாது. 1960-இல் டோஹோ தன் வளாகத்தில் ஒரு பெரிய குளத்தைக் கட்டியது இதற்காகத்தான். 2004 வரை அந்தக் குளம் இருந்தது. வானத்திலிருந்து பார்க்கும் கடலுக்கு வேறு வழி வைத்திருந்தார்: நம் வீடுகளில் ஜெல்லி செய்யும் கடல்பாசியைக் காய்ச்சிப் பரப்பி, மேலே சுருக்கம் கொடுத்தால் அசையாத அலைகள் கிடைக்கும். காளான் மேகத்துக்குத் தொட்டித் தண்ணீரில் சாயம் இறக்கி, கேமராவைத் தலைகீழாக வைத்து எடுத்தார்கள். சாயம் கீழே இறங்கும், படத்தில் மேகம் மேலே எழும்.

விமானத்தைத் தாங்கும் கம்பியை மறைக்கவும் இதே புத்திதான். கம்பி மேலே இருக்கும் என்று பார்ப்பவன் மேலேதான் தேடுவான். எனவே சில ஷாட்களில் விமானத்தையும் கேமராவையும் சேர்த்துக் கவிழ்த்துவிடுவார்.

உடைக்குள் இருந்தது யார்?

முக்கியமாக ஹருவோ நகாஜிமா. 1954 முதல் 1972 வரை காட்ஜில்லாவாக நடித்தவர் அவர். முதல் படத்தில் கட்சுமி தெசுகாவும் மாறி மாறி நின்றார். முதலில் செய்த உடை ஆளால் அசைக்கவே முடியாத அளவுக்கு விறைப்பு. அதை இரண்டாக வெட்டி, காலோ உடலோ மட்டும் தெரியும் ஷாட்களுக்கு வைத்துக்கொண்டார்கள். அந்த முதல் உடை சுமார் 100 கிலோ. மேலே சொன்ன விளக்குச் சூட்டில் அதைப் போட்டுக்கொண்டு நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மயங்கி விழுந்ததும் உண்டு.

நகாஜிமா இந்த வேடத்துக்காக உஎனோ மிருகக்காட்சிச் சாலைக்குப் போய் யானையும் கரடியும் எப்படி நடக்கின்றன என்று பார்த்துவிட்டு வந்தவர். பாதத்தைத் தூக்கும்போது உள்ளங்கால் தெரியக் கூடாது, தேய்த்தாற்போல் வைக்க வேண்டும் என்பதை அவர் அங்கே கற்றார். சுபுராயாவை அவரும் மற்ற ஆட்களும் அழைத்தது ‘ஒயாஜி’ என்று. நம் பக்கத்தில் தொழில் சொல்லிக்கொடுத்தவரை ‘பெரியவர்’ என்போமே, அந்தப் பிரியத்தோடு.

முதல் காட்ஜில்லா படத்தைப் பார்த்து ஜனங்கள் அழுதார்களாமே?

அப்படித்தான் சொல்கிறார்கள், காரணமும் இருந்தது. டோக்கியோவை 1945 மார்ச் 10 இரவு அமெரிக்க விமானங்கள் எரித்து ஒன்பது ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அந்த அரங்குகளில் இருந்த பலர் நெருப்பிலிருந்து ஓடி வந்தவர்கள்.

1942 படத்தையும் 1954 படத்தையும் அடுத்தடுத்துப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் பாருங்கள். வேலை செய்த கைகள் பெரும்பாலும் அவையே. மினியேச்சர், புகை, தண்ணீர், வெடி எல்லாம் அதே கருவிகள். ஆனால் கேமரா இருக்கும் இடம் மாறிவிட்டது. முன்பு விமானத்தோடு மேலே இருந்தது. இப்போது தெருமட்டத்தில், ஓடுகிறவர்களோடு, அண்ணாந்து பார்க்கிறது. டோக்கியோவின் கின்ஸா கடைத்தெருவில் எரியும் கட்டடத்தின் ஓரம் ஒரு தாய் குழந்தைகளை அணைத்துக்கொண்டு, சீக்கிரமே அப்பாவிடம் போய்விடுவோம் என்கிறாள். அந்த அப்பா எங்கே இறந்திருப்பார் என்று அன்றைய பார்வையாளருக்குச் சொல்ல வேண்டியதில்லை. தாயைப் படம்பிடித்தது ஹோண்டா. அவளைச் சுற்றி எரியும் நகரம் சுபுராயாவுடையது. இதை அவர் பரிகாரமாக நினைத்துச் செய்தார் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவர் செய்த எதையும்விட இதுதான் பெரிது என்பது என் முடிவு.

அந்தக் கர்ஜனையும் அவர் வேலையா?

இல்லை. இசையமைப்பாளர் இஃபுகுபே சம்பந்தப்பட்டது. டபுள் பாஸின் தந்தியைத் தோல் கையுறையால் இழுத்துத் தேய்த்து, அந்த ஒலியை வேகம் மாற்றிச் சேர்த்தார்கள்.

கிங் காங்கோடு சண்டை வரும் படத்தில் வரும் ஆக்டோபஸ் நிஜமா?

சில ஷாட்களில் உயிருள்ள ஆக்டோபஸ்தான். 1962-இல் வந்த அந்தப் படத்தில், மினியேச்சர் குடிசைகள்மேல் அதை விட்டுப் படம்பிடித்தார்கள். பல ஆண்டுக்கு முந்தைய ஆக்டோபஸ் ஆசை அவருக்கு இப்படித் தீர்ந்தது. ஜப்பானில் காட்ஜில்லா வரிசையில் அதிகம் பேர் திரையரங்கில் பார்த்த படமும் அதுவே.

பின்னாளில் காட்ஜில்லா கோமாளித்தனமாக ஆனதற்கு அவர் காரணமா?

ஓரளவுக்கு ஆமாம், தெரிந்தே செய்தார். அரங்கில் குழந்தைகள் கூடிவிட்டதை அவர் கவனித்தார். 1965 படத்தில் காட்ஜில்லா அந்தக் காலத்துப் பிரபல காமிக்ஸ் பாத்திரம்போல் துள்ளிக் குதிப்பது அவர் ஒப்புதலோடுதான். ஹோண்டாவுக்கு அதில் இஷ்டமில்லை. எனக்கும் அந்தக் குதியல் பிடிக்காது. ஆனால் அதே மனம்தான் இன்னொன்றையும் செய்தது: அவர் மேற்பார்வையில் மிருகங்கள் எவ்வளவு மோதினாலும் ரத்தம் பீறிடுவதைக் காட்ட விடமாட்டார். குழந்தைகள் பார்க்கிறார்கள் என்பதே அவர் சொன்ன காரணம்.

அல்ட்ராமேன் எப்படி வந்தான்?

கடனில் வாங்கிய ஒரு இயந்திரத்திலிருந்து என்று சொல்லலாம். தனித்தனியாக எடுத்த ஃபிலிம்களை ஒரே படமாகச் சேர்க்கும் ஆப்டிகல் பிரிண்டர் அவருடைய நெடுநாள் ஆசை. கம்பெனி தொடங்கியதும் அமெரிக்காவிலிருந்து ஆக்ஸ்பெரி நிறுவனத்தின் புது மாடலுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார். அதை நம்பியிருந்த தொலைக்காட்சித் தொடர் கைவிடப்பட்டது. இயந்திரமோ கிளம்பிவிட்டது, பணமோ இல்லை. டிபிஎஸ் தொலைக்காட்சி அந்த இயந்திரத்தை வாங்கிக்கொண்டது, அதைப் பயன்படுத்த ஒரு தொடரும் வேண்டும் என்றது. அப்படிப் பிறந்தது 1966 ஜனவரி 2 அன்று தொடங்கிய ‘அல்ட்ரா கியூ’. தொலைக்காட்சிக்கென்று எடுத்தாலும் 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் எடுத்தார்கள். வாராவாரம் வீட்டுக்கே ஒரு ராட்சத மிருகம் வந்தது.

அதே ஆண்டு ஜூலையில் ‘அல்ட்ராமேன்’, வண்ணத்தில், 39 பகுதிகள். முகத்தையும் உடலையும் வடிவமைத்தவர் டோரு நரிட்டா. கதைக்குழுவின் தலைவர் ஒகினாவாவைச் சேர்ந்த டெட்சுவோ கின்ஜோ. உடைக்குள் நின்ற நடிகரின் பெயர் ‘பின் ஃபுருயா’. சுபுராயா மேற்பார்வையாளர். எடுத்ததில் திருப்தி இல்லாவிட்டால் மறுபடி எடுக்கச் சொல்வார். கம்பெனியின் கணக்குப் புத்தகம் அதனால் எப்போதும் சிவப்பில்தான் இருந்தது.

செலவைச் சமாளிக்கப் பழைய உடைகளைப் புதுப்பித்தார்கள். அல்ட்ரா கியூவின் முதல் பகுதியில் வரும் கோமெஸ், கொம்பும் ஓடும் ஒட்டிய காட்ஜில்லா உடை. அல்ட்ராமேனோடு மோதும் ஜிராஸ், கழுத்தில் செதில் விசிறி கட்டிய காட்ஜில்லா. சண்டையில் அல்ட்ராமேன் அந்த விசிறியைப் பிய்த்துவிடுவான், உள்ளே பழைய ஆள் தெரிவார்.

அல்ட்ராமேனுக்கு ஏன் மூன்று நிமிடம் மட்டும்?

கதைக்குள் காரணம், பூமியில் அவன் சக்தி சீக்கிரம் தீர்ந்துவிடும். மார்பிலுள்ள விளக்கு நீலத்திலிருந்து சிவப்பாகிச் சிமிட்டும். கதைக்கு வெளியே, எஃபெக்ட்ஸ் சண்டை நீளநீளச் செலவு ஏறும் என்பதும் உண்டு. குழந்தைகளுக்கு அந்தச் சிமிட்டல்தான் நெஞ்சை அடிக்கவைத்தது.

குடும்பம்?

மூன்று மகன்கள்: ஹஜிமே, நொபொரு, அகிரா. மூத்தவர் இருவரும் அடுத்தடுத்துக் கம்பெனியை நடத்தினார்கள். சுபுராயா கத்தோலிக்கர்; டோக்கியோவின் ஃபுச்சூ கத்தோலிக்கக் கல்லறையில் அடக்கமானார்.

கடைசிக் காலத்தில் என்ன செய்துகொண்டிருந்தார்?

1970 ஒசாகா உலகக் கண்காட்சியில் மிட்சுபிஷி அரங்குக்கான படப்பிடிப்பில் அலைந்துகொண்டிருந்தார். உடம்பு ஒத்துழைக்கவில்லை. இஸு தீபகற்பத்தில் இடோ என்ற ஊரில் ஓய்வெடுக்கப் போன இடத்தில் இதயக் கோளாறால் இறந்தார்.

எடுக்க நினைத்து எடுக்காமல் போனவை இரண்டு. ஒன்று, மூங்கிலுக்குள் கிடைத்த நிலவுப் பெண்ணான ககுயா இளவரசியின் பழங்கதை. 1935-இல் அந்தக் கதைக்கு ஒளிப்பதிவு செய்திருந்தார், தன் இஷ்டப்படி மறுபடி எடுக்க ஆசை. இன்னொன்று, ஜப்பானின் ஆரம்பகால விமானப் பைத்தியங்களைப் பற்றிய படம். ஹனேடாவில் பள்ளி மூடப்பட்டபோது நின்றுபோன பையனின் படம் அது. அதை இழந்தது எனக்கு இன்றும் வருத்தம்.

கணினி வரைகலைக் காலத்தில் இதற்கெல்லாம் மதிப்பு உண்டா?

2023-இல் வந்த ‘காட்ஜில்லா மைனஸ் ஒன்’ மறு ஆண்டு சிறந்த விஷுவல் எஃபெக்ட்ஸுக்கான ஆஸ்கர் வாங்கியது. காட்ஜில்லா வரிசைக்கு அதுவே முதல் ஆஸ்கர். வேலை கணினியில்தான். ஆனால் அந்தப் படத்தின் கின்ஸா காட்சியில் கேமரா எங்கே நிற்கிறது, பாதம் எவ்வளவு மெதுவாக இறங்குகிறது என்று பாருங்கள். எடையைக் காட்டும் கணக்கு கணினிக்கு வந்தாலும் அதே கணக்குதான்.

சுகாகவாவில் 2019-இல் சுபுராயா அருங்காட்சியகம் திறந்தார்கள். 2020-இல் டோக்குசாட்சு ஆவணக் காப்பகமும் வந்தது. படப்பிடிப்பு முடிந்ததும் குப்பைக்குப் போயிருக்க வேண்டிய மினியேச்சர்களைச் சேர்த்து, பழுது பார்த்து வைக்கிறார்கள். இயக்குநர் ஹிடெயாகி அன்னோ போன்றவர்கள் இதற்காகப் பல ஆண்டுகள் பாடுபட்டார்கள். அந்த ஊர், அல்ட்ராமேன் பிறந்த எம்78 நட்சத்திர மண்டலத்தின் ஒளி நாட்டோடு சகோதர நகர ஒப்பந்தமும் போட்டிருக்கிறது.

எதிலிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

1954 காட்ஜில்லா, ஜப்பானிய மூலத்தில். 1956-இல் அமெரிக்கர்கள் ரேமண்ட் பர் என்ற நடிகரைச் சேர்த்து வெட்டி ஒட்டிய பதிப்பைப் பிறகு பார்க்கலாம். அடுத்து 1956-இன் ‘ரோடான்’. சிறகுக் காற்றில் கூரை ஓடுகள் வரிசையாகப் பெயர்ந்து பறக்கும் இடத்துக்காகவே பார்க்கலாம். பிறகு 1961-இன் ‘மோத்ரா’: கட்டி முடித்து மூன்று ஆண்டே ஆன டோக்கியோ டவரை ஒரு புழு சாய்த்து, அதன்மேல் கூடு கட்டும்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் மோத்ராவிலும் அல்ட்ராமேனிலும் தொடங்குங்கள். முதல் காட்ஜில்லாவை அவர்கள் கொஞ்சம் வளர்ந்த பிறகு, கூடவே உட்கார்ந்து காட்டுங்கள். மருத்துவமனையில் ஒரு சிறுமியின் உடம்பருகே கதிர்வீச்சுக் கருவியைப் பிடிக்கும் காட்சி உண்டு. அது ஏன் சத்தம் போடுகிறது என்று கேட்பார்கள்.